வம்சாவளி தேடி ஒரு பயணம்
(மன்னர் இரண்டாம் சரபோஜி)



மலர்க் குழுவிலிருந்து நண்பர் போன் செய்து, இந்த வருஷம் ஒரு பெரிய மனிதருடைய வாழ்க்கை வரலாறு எழுதிக் கொடு என்றார். எனக்குச் சிமெண்டும் கம்பியும் தெரியும், சரித்திரம் தெரியாதே என்று நழுவப் பார்த்தேன். ஆள் விடவில்லை. அதனால் போன பொங்கல் லீவில் குடும்பத்தோடு காரில் சுற்றிவிட்டு வந்த கதையையே எழுதுகிறேன். அதற்குள்ளேயே ஒரு பெரிய மனிதர் இருக்கிறார்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஏழாவது படிக்கும் என் மகள். லீவு முடிந்து வரும்போது ஒவ்வொருவரும் தங்கள் வம்சாவளியைப் படமாக வரைந்து வரவேண்டும் என்று அவள் பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். கீழே அவளும் தம்பியும், மேலே நானும் என் மனைவியும், அதற்கும் மேலே எங்கள் இருவருடைய அப்பா அம்மா. மனைவி வீட்டுப் பக்கம் ஏழு தலைமுறை மளமளவென்று ஏறிவிட்டது. எங்கள் பக்கம் என் தாத்தாவோடு நின்றுபோயிற்று. அவருக்கு மேலே கட்டம் காலி.

தாத்தாவுக்கு ஆறு வயசு இருக்கும்போது ஒரே வருஷத்தில் தாயும் தகப்பனும் காலராவில் போய்விட்டார்கள். தூரத்து உறவினர் யாரோ கையைப் பிடித்துக் கூட்டிவந்து ஒரத்தநாடு சத்திரத்தில் விட்டுவிட்டுப் போய்விட்டார். அங்கேயே சாப்பாடு, அங்கேயே படிப்பு. பிறகு ஆரம்பப் பள்ளி வாத்தியாராகிப் பட்டுக்கோட்டைக்கு வந்து குடியேறினார். சொந்த ஊர் எது என்று கேட்டால் சத்திரம் என்பார். அப்பாவுக்கும் இதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

சாயங்காலம் பிள்ளைகளை மனோராவுக்கு அழைத்துப் போனோம். பட்டுக்கோட்டையிலிருந்து இருபது கிலோமீட்டர். மல்லிப்பட்டினம் பக்கம், சரபேந்திரராஜன்பட்டினத்துக் கடற்கரையில் நிற்கிற எட்டு அடுக்குக் கோபுரம் அது. நம் ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் அது பிக்னிக் இடம். புளிச்சோறு கட்டிக்கொண்டு போவோம், ஏறி இறங்குவோம், வருவோம். யார் கட்டியது, எதற்குக் கட்டியது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. என் மகள் கேட்டாள்.

கட்டியவர் தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி. வருஷம் 1814. ஐரோப்பாவில் நெப்போலியனை ஆங்கிலேயரும் கூட்டாளிகளும் தோற்கடித்த செய்தி கேட்டு, அதன் நினைவாகக் கட்டினார். அறுகோண வடிவம், செங்கல் சுண்ணாம்புக் கட்டடம், சுமார் 75 அடி உயரம், சுற்றிலும் மதிலும் அகழியும். 2004 டிசம்பர் சுனாமியில் சேதப்பட்டு, பின்பு செப்பனிடப்பட்டது. கடலோரத்தில் உப்புக் காற்றுக்கு நடுவே 200 வருஷத்துக்கு மேல் ஒரு செங்கல் கோபுரம் நிற்பது என்றால், கட்டிடம் கட்டுகிறவன் என்ற முறையில் நான் தொப்பியைக் கழற்றத்தான் வேண்டும்.

எங்கேயோ நடந்த சண்டையில் யாரோ ஜெயித்ததற்கு நம்ம ராஜா ஏன் கோபுரம் கட்டினார் என்பது மகளின் அடுத்த கேள்வி. அப்பா கொஞ்ச நேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, உன் கொள்ளுத்தாத்தாவுக்குச் சோறு போட்ட சத்திரத்தைக் கட்டினதும் இதே சரபோஜிதான், காலையில் கிளம்பித் தஞ்சாவூர் போய் அவரைப் பற்றி விசாரித்துக்கொண்டு வருவோம் என்றார். அப்பா அப்படித் தானாகவே கிளம்புகிற ஆள் இல்லை. மறுநாள் விடியற்காலையில் ஆறு பேரும் காரில் ஏறினோம்.

பட்டுக்கோட்டையிலிருந்து பாப்பாநாடு, ஒரத்தநாடு வழியாகத் தஞ்சாவூர். ஒரத்தநாட்டில் நிறுத்தலாமா என்று கேட்டேன். வரும்போது பார்த்துக்கொள்ளலாம், முதலில் மனுஷன் யார் என்று தெரியட்டும் என்று அப்பா சொல்லிவிட்டார்.

கல்லில் எழுதிய வம்சாவளி

முதலில் பெரிய கோயில். நந்தியையும் விமானத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவதுதான் நம் வழக்கம். இந்தத் தடவை திருச்சுற்று மாளிகையின் தென்மேற்குப் பக்கச் சுவருக்குப் போனோம். அங்கே சுவர் நெடுக மராத்தியில் பொடிப்பொடியாக எழுத்து. 1803-ல் சரபோஜி வெட்டவைத்த கல்வெட்டு. போன்ஸ்லே வம்சத்தின் வரலாறு முழுவதும் அதில் இருக்கிறது. என் மகளுக்கு ஒரு சார்ட் பேப்பரில் செய்யச் சொன்ன வேலையை மனுஷன் ஒரு சுவர் முழுக்கச் செய்துவைத்திருக்கிறார்.

அந்த வம்சம் மகாராஷ்டிரத்தில் தொடங்குகிறது. சத்ரபதி சிவாஜியின் தகப்பனார் ஷாஹாஜி பிஜாப்பூர் சுல்தானிடம் தளபதியாக இருந்தவர். 1664-ல் வேட்டைக்குப் போன இடத்தில் இறந்துபோனார். அவருடைய சமாதி இன்றும் கர்நாடகத்தில் ஹொதிகெரே என்ற கிராமத்தில் இருக்கிறது. அவருடைய இன்னொரு மகன், அதாவது சிவாஜிக்கு மாற்றாந்தாய் வயிற்றுத் தம்பி, ஏகோஜி. அவர்தான் 1676-ல் தஞ்சாவூரைப் பிடித்து இங்கே மராட்டிய ஆட்சியைத் தொடங்கியவர். மராத்தி பேசுகிற குடும்பம், தெலுங்கில் பாட்டெழுதி, தமிழ்நாட்டுக் காவிரித் தண்ணீர் குடித்து 180 வருஷம் தஞ்சாவூர்க்காரர்களாகவே வாழ்ந்தது.

சரி, சரபோஜி எதற்கு இவ்வளவு மெனக்கெட்டு வம்சாவளியைக் கல்லில் வெட்டினார்? காரணம் இருக்கிறது. அவர் ராஜா வயிற்றில் பிறந்த பிள்ளை இல்லை.

1777 செப்டம்பர் 24-ல் போன்ஸ்லே குடும்பத்தின் ஒரு கிளையில் பிறந்தவர் அவர். அப்போது தஞ்சையை ஆண்ட துளஜாஜிக்குப் பிள்ளைகள் தங்கவில்லை. நோய் முற்றிய நிலையில் 1787-ல் இந்த ஒன்பது வயசுப் பையனைச் சுவீகாரம் எடுத்துக்கொண்டார். அதே வருஷம் கண்ணை மூடிவிட்டார். துளஜாஜியின் மாற்றாந்தாய்ச் சகோதரர் அமர்சிங்கும் அரியணைக்கு உரிமை கேட்டார். சுவீகாரம் சாஸ்திரப்படி செல்லுமா என்று பண்டிதர்களிடம் கேள்வி போனது. பையன் தன் தகப்பனுக்கு ஒரே பிள்ளை, வயசும் கூடிப்போச்சு, ஆகவே செல்லாது என்று தீர்ப்பு வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி அமர்சிங்கை ராஜாவாக்கியது.

பிறந்த வீட்டை விட்டாச்சு, வந்த வீட்டில் பிள்ளை இல்லை என்று சொல்லியாச்சு. அந்த வயசில் ஒரு பையன் எந்தக் கட்டத்தில் தன் பெயரை எழுதுவான்? கல்வெட்டின் முன்னால் நிற்கும்போது எனக்குத் தாத்தா ஞாபகம் வந்தது.

இரண்டு தேவாலயங்கள்

சிவகங்கைப் பூங்கா பக்கத்தில் ஸ்வார்ட்ஸ் தேவாலயம் இருக்கிறது, 1779-ல் கட்டியது. அங்கேதான் அடுத்துப் போனோம். கிறிஸ்டியன் பிரெடெரிக் ஸ்வார்ட்ஸ் பிரஷ்யாவில் பிறந்தவர், ஜெர்மானியப் பாதிரியார். 1750-ல் தரங்கம்பாடியில் கப்பல் இறங்கினார். அதன்பிறகு 48 வருஷம், சாகிற வரைக்கும் சொந்த ஊர் திரும்பவே இல்லை. தமிழ், மராத்தி எல்லாம் பேசுவார். ஹைதர் அலியிடம் கம்பெனி அனுப்பிய தூதராகவும் போய்வந்தவர். துளஜாஜி கடைசிக் காலத்தில் தன் சுவீகாரப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும்படி ஒப்படைத்தது இவரிடம்தான்.

அமர்சிங் காலத்தில் சரபோஜியை அரண்மனைக்குள் வெளிச்சம்கூட இல்லாத இடத்தில் அடைத்துவைத்திருந்தார்கள். படிப்பும் கிடையாது. ஸ்வார்ட்ஸ் கம்பெனியிடம் முறையிட்டு முறையிட்டுப் பையனுக்குப் பாதுகாப்பும் படிப்பும் வாங்கிக் கொடுத்தார். 1793-ல் சரபோஜியையும் துளஜாஜியின் ராணிகளையும் சென்னைக்கே அழைத்துப் போனார்கள். அங்கே கெரிக்கே என்ற இன்னொரு ஜெர்மானியப் பாதிரியார் பாடம் சொல்லிக் கொடுத்தார். ஆங்கிலம், கணக்கு, பூகோளம், விஞ்ஞானம். இன்னொரு பக்கம் சுவீகார வழக்கும் மறுபடி கிளறப்பட்டது. வேறு பண்டிதர்களைக் கேட்டதில் சுவீகாரம் செல்லும் என்று வந்தது. 1798 ஜூனில் சரபோஜி தஞ்சை அரியணையில் உட்கார்ந்தார். வயசு இருபது.

அதைப் பார்க்க ஸ்வார்ட்ஸ் இல்லை. நாலு மாசம் முன்னால், 1798 பிப்ரவரி 13-ல் இறந்துவிட்டார். சரபோஜி லண்டனில் பிளாக்ஸ்மன் என்ற புகழ்பெற்ற சிற்பியிடம் சொல்லி ஒரு பளிங்குச் சிற்பம் செய்து வரவழைத்தார். ஸ்வார்ட்ஸ் மரணப் படுக்கையில் இருக்கிறார், பக்கத்தில் சரபோஜி அவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இந்தத் தேவாலயத்துச் சுவரில் இன்றும் அது இருக்கிறது. ஸ்வார்ட்ஸை அடக்கம் செய்த இடம் தஞ்சாவூரிலேயே உள்ள தூய பேதுரு ஆலயம். அந்தக் கல்லறைக் கல்லில் இருக்கும் ஆங்கிலச் செய்யுளை எழுதியவர் சரபோஜியே. பாதிரியாரிடம் வளர்ந்தார், ஆனால் மதம் மாறவில்லை. பெரிய கோயிலுக்குத் திருப்பணியும் செய்தார், வாத்தியாருக்குக் கல்லறையில் கவிதையும் எழுதினார். அவருக்கு இரண்டும் இடித்துக்கொள்ளவில்லை.

தகப்பன் இல்லாத பிள்ளைக்கு வாத்தியார்தான் தகப்பன் என்று அப்பா மெதுவாகச் சொன்னார். தாத்தாவும் சத்திரத்துத் தமிழ் வாத்தியார் செத்துப்போனபோது மொட்டை போட்டுக்கொண்டாராம். இது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

ராஜ்யம் போன ராஜா

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அரண்மனையும் சரசுவதி மகாலும்.

இங்கே ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். அரியணை ஏறிய மறு வருஷம், 1799 அக்டோபரில், சரபோஜி கம்பெனியோடு ஓர் உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டார். தஞ்சை ராஜ்யத்தின் நிர்வாகம் முழுவதும் கம்பெனிக்குப் போயிற்று. அவருக்கு மிஞ்சியது தஞ்சைக் கோட்டையும் சுற்றுப்புறமும், வருஷத்துக்கு ஒரு லட்சம் நட்சத்திரப் பகோடா பணமும், நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கும். கம்பெனி கொடுத்த அரியணை, கம்பெனி கேட்டபோது கொடுத்த ராஜ்யம். மனோராவுக்கும் இதுதான் அர்த்தம் என்று என் மகளுக்குச் சொன்னேன். யார் தயவில் உட்கார்ந்திருக்கிறோமோ அவர்கள் ஜெயித்தால் கோபுரம் கட்டித்தான் ஆகவேண்டும். கோழை என்று சொல்பவர்களும் இருக்கலாம். வேலூரில் சிப்பாய்கள் எழுந்தது 1806-ல். கட்டபொம்மன் தூக்கில் தொங்கியது சரபோஜி கையெழுத்துப் போட்ட அதே 1799 அக்டோபரில். இதையெல்லாம் மறைத்துவிட்டு அவரைப் புகழ்வது சரியில்லை.

ஆனால் ராஜ்யம் போனபின் கிடைத்த நேரத்தையும் பணத்தையும் அவர் என்ன செய்தார் என்பதுதான் அதிசயம். நாயக்கர் காலத்திலிருந்து இருந்த அரண்மனை நூலகத்தை உலகம் அறிந்த சரசுவதி மகாலாக வளர்த்தார். பண்டிதர்களை அனுப்பிச் சுவடிகளைப் பிரதி எடுத்துக்கொண்டு வரச் செய்தார். ஐரோப்பாவிலிருந்து புத்தகம் புத்தகமாக வரவழைத்தார். பல புத்தகங்களில் அவர் கையெழுத்தை இன்றும் பார்க்கலாம், படிக்கிற பிள்ளை தன் நோட்டில் பெயர் எழுதிவைப்பது போல. அரண்மனையிலேயே தேவநாகரி அச்சுக்கூடம் வைத்தார். நவவித்யா கலாநிதி சாலை என்று பள்ளிக்கூடம் நடத்தினார். தன்வந்திரி மகாலில் சித்தம், ஆயுர்வேதம், யுனானி, ஆங்கில மருத்துவம் எல்லாவற்றுக்கும் வைத்தியர்களை வைத்து மருந்துகளைச் சோதித்தார். அதன் பலன்தான் சரபேந்திர வைத்திய முறைகள் என்ற வரிசையில் பின்னாளில் அச்சான நூல்கள். கண் நோயாளிகளின் குறிப்பேடுகள் கண்ணின் படத்தோடு இந்த நூலகத்தில் இருக்கின்றன. யாருக்கு என்ன நோய், என்ன சிகிச்சை, எப்படித் தேறினார் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். நாம் சைட்டில் டெஸ்ட் ரிப்போர்ட் எழுதுவதைவிட ஒழுங்கு.

சங்கீதமும் குறையவில்லை. பரதநாட்டியத்துக்கு இன்றைய வடிவம் கொடுத்த சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு சகோதரர்கள் இவருடைய சபையில் இருந்தவர்கள். அரண்மனையில் மேல்நாட்டு பாண்டும் வைத்திருந்தார். 1820-ல் ஆயிரக்கணக்கான பரிவாரத்தோடு குடும்ப சகிதமாகக் காசிக்கு யாத்திரை கிளம்பினார். போய்வர இரண்டு வருஷம். போன இடங்களிலும் சுவடி சேகரிப்பை விடவில்லை. காசிப் படித்துறைகளைப் படமாக வரைந்து வரச் செய்தார். எங்கள் இரண்டு நாள் பயணத்துக்கே ஏழு பை சாமான். ராஜா எப்படிச் சமாளித்தாரோ என்று என் மனைவி கவலைப்பட்டாள்.

1826-ல் ஹீபர் என்ற கல்கத்தா பிஷப் தஞ்சாவூருக்கு வந்து சரபோஜியைச் சந்தித்தார். ஐரோப்பாவின் பெரிய விஞ்ஞானிகளைப் பற்றி இந்த ராஜா சரளமாகப் பேசுவதைக் கண்டு அவருக்கு வியப்பு.

சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே வடக்கு வாசலுக்கு வெளியே ராஜாகோரிக்குப் போனோம். மராட்டிய அரச குடும்பத்தாரைத் தகனம் செய்த இடம். சின்னச் சின்ன மண்டபங்கள், செடி கொடி. பெரிய கோயிலில் இருந்த கூட்டத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இங்கே இல்லை. சரபோஜி 1832 மார்ச் 7-ல் காலமானார். வயசு 54. அவருக்குப் பின் மகன் சிவாஜி ஆண்டார். 1855-ல் அவர் இறந்தபோது ஆண் வாரிசு இல்லை. அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்தவர் டல்ஹவுசி பிரபு. ஸ்காட்லாந்தில் பரம்பரை பரம்பரையாகப் பட்டம் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர் அவர். வாரிசு இல்லை என்ற காரணத்தைச் சொல்லித் தஞ்சை அரசையே இல்லாமல் செய்துவிட்டார்கள். கோட்டையும் போனது, பட்டமும் போனது. பெரிய கோயில் சுவரில் அவ்வளவு கவனமாக எழுதிய வம்சாவளிக்குக் கீழே அரியணையில் உட்கார இடம் இல்லாமல் போயிற்று. நூலகம் மட்டும் நின்றது. 1918-ல் அது பொதுமக்களுக்கே உரியதாயிற்று.

அப்பா ஒரு மண்டபத்துப் படியில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நம்ம அப்பாவுக்கு இப்படி ஒரு கல்லாவது நட்டிருக்கலாம், வாய்க்கால் ஓரத்தில் எரித்துவிட்டு வந்துவிட்டோம் என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஒரத்தநாடு

இரவு தஞ்சாவூரில் தங்கிவிட்டு மறுநாள் காலையில் திரும்பினோம். புதாற்றைத் தாண்டி வண்டி போய்க்கொண்டிருந்தது. முந்தின நாள் சரசுவதி மகாலில் மராட்டியர் காலச் சத்திரங்களைப் பற்றி ஒரு புத்தகம் வாங்கியிருந்தோம். என் மனைவி அதை வாய்விட்டுப் படித்துக்கொண்டு வந்தாள்.

தஞ்சை ராஜாக்கள் ராமேஸ்வரம் போகிற யாத்திரைப் பாதையில் வரிசையாகச் சத்திரங்கள் கட்டினார்கள். நம் பக்கத்துச் சேதுபாவாசத்திரம் என்ற ஊர்ப் பெயரிலேயே சத்திரம் இருக்கிறது. சரபோஜி கட்டியதில் பெரியது ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம், 1802. முக்தாம்பாள் அவர் நேசித்த பெண். பட்டத்து ராணி அல்ல. தன் பெயரால் ஒரு சத்திரம் வேண்டும் என்பது அந்த அம்மாளின் ஆசை. அந்த ஊருக்கே முக்தாம்பாள்புரம் என்று பெயர் வைத்தார்.

ராஜ்யத்தை விட்டுக்கொடுத்த சரபோஜி ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை, அது சத்திரம். சத்திரங்கள் தன் பொறுப்பிலேயே இருக்கவேண்டும் என்று வாதாடி 1801 ஜனவரியில் கம்பெனி ரெசிடெண்ட் டோரினுக்கு ஒரு கடிதம் எழுதினார். சத்திரங்களில் என்ன நடக்கிறது என்று அதில் வரிசையாகச் சொல்கிறார். எந்த ஜாதிக்காரர் வந்தாலும், எந்தத் தேசத்து யாத்ரீகர் வந்தாலும் சோறு உண்டு. சமைத்ததைச் சாப்பிடாதவர்களுக்கு அரிசியும் சாமானும் உண்டு. நோயாளிக்கு வைத்தியரும் பத்தியச் சாப்பாடும், கைக்குழந்தைக்குப் பால், பிள்ளைத்தாய்ச்சிக்குப் பிரசவம் பார்க்க ஏற்பாடு. அங்கேயே யாராவது இறந்துபோனால் அவரவர் வழக்கப்படி ஈமக்கடன். அநாதைப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு, துணி, படிப்புச் சொல்லிக்கொடுக்க வாத்தியார். அந்தக் காலத்து ஜாதிக் கட்டுப்பாடு பந்தியில் இருந்திருக்கும், இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனாலும் பசி என்று வந்தவனைத் திருப்பி அனுப்பக்கூடாது என்பது சட்டம்.

கடைசியாக ஒன்று. நடுராத்திரியில் ஒரு மணி அடிப்பார்கள். நேரம் கழித்து வந்தவர்கள், பகலில் சாப்பிடாமல் விட்டுப்போனவர்கள் யாராவது இருந்தால் அந்த மணியைக் கேட்டு வந்து சாப்பிடலாம்.

இதைப் படித்ததும் என் மனைவி நிறுத்திவிட்டு அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அப்பா வண்டியை ஓரம் கட்டச் சொன்னார்.

எங்கள் தாத்தாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. நான் சின்னப் பையனாக இருந்தபோது பார்த்திருக்கிறேன். ராத்திரி கதவைச் சாத்துவதற்கு முன்னால் வாசல் படலைத் திறந்துகொண்டு ரோட்டுக்கு வருவார். சாப்பிடாதவங்க யாரும் இருக்கீங்களா என்று இரண்டு தடவை சத்தம் போட்டுக் கேட்பார். யாரும் வருவதில்லை. எப்போதாவது ஒரு மாட்டுவண்டிக்காரர், ஒரு பைத்தியக்காரர் வந்திருக்கிறார்கள். வந்தவருக்குப் போடப் பாட்டி பானையில் ஒரு பிடி சோறு மிச்சம் வைத்திருப்பார். தெருப் பிள்ளைகள் தாத்தாவைக் கேலி செய்வார்கள். எனக்கும் வெட்கமாக இருக்கும். வாத்தியார் கிறுக்கு என்று நினைத்துக்கொள்வேன்.

அது கிறுக்கு இல்லை. அது சத்திரத்து மணி. யாரோ கைவிட்டுப் போன ஆறு வயசுப் பையனைச் சோற்றுக்குக் கூப்பிட்ட இடத்திலிருந்து அவர் எடுத்துக்கொண்டு வந்தது அது ஒன்றுதான். நிலமில்லை, நகையில்லை. அந்தக் குரலைத்தான் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

சத்திரத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தினோம். யானையும் குதிரையும் இழுக்கிற தேர் மாதிரி கல்லில் செய்த முகப்பு. பழைய செங்கல் சுவரில் அரசமரக் கன்றுகள் வேர்விட்டிருந்தன. சுவருக்குள் வேர் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பொறியாளராக அதைப் பார்த்துக்கொண்டு நிற்க மனசு கேட்கவில்லை. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுப் படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ராஜாகோரியில் அவர் கேட்ட கல் இதுதான் என்று எனக்குத் தோன்றியது. வெளியில் சொல்லவில்லை.

கஜா புயல் அடித்த 2018 நவம்பர் 16-க்குப் பிறகு எங்கள் தெருவில் மூன்று வாரம் கரண்ட் இல்லை. தென்னை எல்லாம் சாய்ந்து கிடந்தது. முகம் தெரியாத ஊர்களிலிருந்து லாரியில் அரிசியும் பருப்பும் வந்தன. அன்றைக்கு எங்கள் வீட்டு அடுப்பில் தெருவுக்கே கஞ்சி காய்ச்சினோம். அப்பா வாசலில் நின்று சத்தம் போட்டுக் கூப்பிட்டார். அப்போதும் எனக்குப் புரியவில்லை, இப்போது புரிகிறது.

வீட்டுக்கு வந்ததும் என் மகள் சார்ட் பேப்பரை எடுத்தாள். தாத்தாவுக்கு மேலே இருந்த காலிக் கட்டத்தில் முக்தாம்பாள் சத்திரம், ஒரத்தநாடு என்று எழுதினாள். டீச்சர் ஒத்துக்கொள்வார்களா என்று நான் கேட்டேன். ஒத்துக்கொள்ளாவிட்டால் நான் வந்து பேசுகிறேன் என்று அப்பா சொல்லிவிட்டார்.

நண்பர்களே, இந்தக் கதையைக் கல்லூரி மலரில் எழுதக் காரணம் உண்டு. நான் இரண்டாம் வருஷம் படித்தபோது எங்கள் வயலில் விளைச்சல் இல்லை. ஹாஸ்டல் மெஸ் பாக்கி மூன்று மாசம் ஏறிவிட்டது. படிப்பை நிறுத்திவிட்டு ஊருக்குப் போய்விடலாம் என்று பெட்டியைக் கட்டினேன். மறுநாள் ஆபீஸில் போய்ப் பார்த்தால் பாக்கி கட்டியாகிவிட்டது என்றார்கள். பழைய மாணவர் ஒருவர் கட்டினாராம், பெயர் சொல்லக்கூடாது என்று சொல்லிவிட்டாராம். இன்று வரைக்கும் அவர் யார் என்று எனக்குத் தெரியாது. என் வம்சாவளியில் அவருக்கும் ஒரு கட்டம் இருக்கிறது.

இன்றைக்கும் நம் ஹாஸ்டலில் மெஸ் பில் கட்ட முடியாமல் பெட்டி கட்டுகிற பையனோ பெண்ணோ இருக்கலாம். கேட்கக் கூச்சமாக இருக்கும், அவர்களாக வந்து கேட்கமாட்டார்கள். அதனால் நாம்தான் வாசலுக்கு வந்து குரல் கொடுக்கவேண்டும். இந்த வருஷம் பழைய மாணவர் சங்கத்தில் மெஸ் கட்டண உதவிக்கென்று தனியாக ஒரு நிதி தொடங்கலாம் என்பது என் யோசனை. முதல் தொகையாக என் ஒரு மாசச் சம்பளத்தைக் கூட்டத்தன்று கொண்டுவருகிறேன். படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை: கஷ்டம் என்றால் வாய்விட்டுச் சொல்லுங்கள். இங்கே யாரும் உங்கள் வம்சாவளியைக் கேட்கப்போவதில்லை.

கூட்டத்தில் சந்திப்போம்.

(கட்டுரையாளர் நம் கல்லூரியின் கட்டிடப் பொறியியல் துறை முன்னாள் மாணவர்)